பந்தியில் சொன்னது

அக்டோபர் 7, திங்கள்

வக்கீல் ராகவேந்திரன் சென்னையிலிருந்து போன் செய்து முதலில் சொன்னது இது: "மேடம், இனிமே எதையும் எங்கயும் எழுதி வைக்காதீங்க." காலமெல்லாம் கரும்பலகையில் எழுதியே தேய்ந்த கையிடம் இப்படிச் சொல்லலாமா? போனை வைத்ததும், புத்தாண்டுக்கு யாரோ கொடுத்து அலமாரியில் சும்மா கிடந்த இந்த டைரியை எடுத்துவிட்டேன். செய்யாதே என்றால்தான் எனக்குச் செய்யத் தோன்றும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, பெருந்துறைப் பக்கம் இருக்கும் செல்லாண்டி ப்ராசஸர்ஸ் சாய ஆலையில், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் விஷவாயு தாக்கி இறந்துவிட்டார்கள். ஒருவர் கவுந்தப்பாடிக்காரர், சின்னராசு. இன்னொருவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன், பிகாஷ். பிகாஷ்தான் முதலில் இறங்கியிருக்கிறான். அவனைத் தூக்கப் போனவர் சின்னராசு.

அந்தக் கம்பெனியில் நான் ஓர் இயக்குநர். பங்குச் சந்தையில் பதிவான கம்பெனி என்பதால் வெளியாட்களும் இயக்குநராக இருக்க வேண்டும், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம். நான் ஈரோட்டில் மகளிர் கல்லூரியில் கம்பெனிச் சட்டம் நடத்தி ஓய்வு பெற்றவள். சேர்மன் சென்னியப்பனுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பழத்தட்டோடு வீட்டுக்கே வந்து கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், வீட்டு வாசலுக்குக் கார் வரும், "மேடம் சொன்னாச் சரியா இருக்குமுங்க" என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்படிச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

தொட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபர் 8

சின்னராசுக்கு இரண்டு பெண் குழந்தைகளாம். பேப்பரில் போட்டிருந்தது. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

வக்கீல் நேரிலேயே வந்துவிட்டார். கம்பெனியின் வக்கீல் அல்ல. இயக்குநர்களுக்காகக் கம்பெனி ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வைத்திருக்கிறது. அந்த இன்சூரன்ஸ்காரர்களின் வக்கீல். எங்கள் மேல் வழக்கு என்று வந்தால் செலவையெல்லாம் அந்தப் பாலிசி பார்த்துக்கொள்ளும். காபி வேண்டாம், வெந்நீர் போதும் என்றார். வெந்நீர் குடிக்கும் வக்கீலிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"உங்களுக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்ல மேடம். வெளியிலிருந்து வர்ற இயக்குநர் மேல எப்பக் கை வைக்கலாம்?"

வாய்மொழித் தேர்வு மாதிரி இருந்தது. என் வாய் தானாகவே பதில் சொல்லியது. "தப்பு அவருக்குத் தெரிஞ்சு நடந்திருக்கணும். அதுவும் போர்டு நடவடிக்கை வழியாத் தெரிஞ்சிருக்கணும். அவர் அதுக்கு ஒத்துப் போயிருக்கணும், இல்ல கவனமில்லாம இருந்திருக்கணும்."

"போர்டு நடவடிக்கை வழியா," என்று அந்த ஒரு இடத்தை மட்டும் திருப்பிச் சொன்னார். "கூட்டக் குறிப்பு மொத்தத்தையும் படிச்சுட்டேன். தொட்டிங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "பாலிசியில ஒரு நிபந்தனை இருக்கு மேடம். எங்களைக் கேக்காம யார்கிட்டயும் பொறுப்பை ஒத்துக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா பாலிசி உங்களுக்குக் கிடையாது."

"ஒத்துக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன்.

ஆலை மேலாளர் செல்வினைக் கைது செய்து கோபி சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தொழிற்சாலைக்கு மேலாளர் என்று ஒரு பெயர் பதிவாகியிருக்கும், போலீஸின் கை முதலில் விழுவது அந்தப் பெயர் மேல்தான். அவர் போலீஸில் சொன்னதாகப் பேப்பரில் ஒரு வரி: 'ப்ளோயர் பழுதாக இருப்பதை இயக்குநர்களிடம் முன்பே தெரிவித்தேன்.' தொட்டிக்குள் காற்று ஓட்டும் மின்விசிறிக்குத்தான் ப்ளோயர் என்று பெயர். பழைய காற்றை வெளியே தள்ளி நல்ல காற்றை உள்ளே அனுப்பாமல் அதற்குள் ஆள் இறங்கக் கூடாது.

சேர்மன் போன் செய்தார். "அவன் அப்படித்தான் சொல்லுவானுங்க மேடம். மாட்டிக்கிட்டவன் நாலு பேரக் கைகாட்டத்தான் செய்வான். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க." குரலில் அத்தனை அன்பு.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

கிரைண்டர், மிக்ஸி, இவருடைய ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். இவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். டேப்பையும் ரசமட்டத்தையும் இன்றும் துடைத்து வைப்பார். "உன்ற ஆயுதம் நாக்குதான் வசந்தாமணி, நீட்டு, பொட்டு வைக்கறேன்" என்றார். வழக்கமாகச் சிரிப்பேன். இன்று எரிச்சல்தான் வந்தது. ஆலையில் இந்த வருடம் பூஜை இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

செல்லாண்டியின் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பதை எழுதி வைக்கிறேன். வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது.

பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கும். முந்திரி வரும், மோர் வரும். தீர்மானங்கள் வரும். 'ஏற்கப்பட்டது', 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று கம்பெனி செக்ரட்டரி முரளிதரன் எழுதிக்கொண்டே போவார். மதியத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஆலைக்குப் பின்னால் கெஸ்ட் ஹவுஸில் இலை போடுவார்கள். கம்பெனியின் உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். எந்த பாங்க் முறைக்கிறது, எந்த மெஷின் படுத்துவிட்டது, சாயக் கழிவுக்காக யார் வந்து சத்தம் போட்டார்கள் என்பதெல்லாம் ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில்தான் வரும்.

எனக்கு முன்னால் இருந்த ஒரு வெளி இயக்குநர், எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாராம். அதை பாங்க்காரர்கள் படித்துவிட்டுக் கடனை இழுத்தடித்தார்களாம். அன்றிலிருந்து இந்த வழக்கம். மேஜையில் நல்லது மட்டும், மற்றதெல்லாம் பந்தியில். கூட்டத்தில் யாராவது எதையாவது கிளறினால் சேர்மன், "சாப்புட்டுட்டே பேசிக்கலாமுங்க" என்பார். முரளிதரன் உடனே பேனாவை மூடிவிடுவார்.

சட்டம் தெரிந்தவள் என்பதால் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் எனக்கு முதல் கூட்டத்திலேயே புரிந்தது. பந்தியில் கேட்டது போர்டு நடவடிக்கை வழியாகத் தெரிந்ததாகாது. ஊரறிந்த செய்தியும் எங்களுக்குச் சட்டப்படி தெரியாத செய்திதான். இந்த மனுஷர் எட்டாம் வகுப்போடு நின்றவர், எவ்வளவு கெட்டிக்காரர் என்று வியந்திருக்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

செல்வினின் மனைவி வந்தாள். பெயர் பெனிட்டா. சொந்த ஊர் நாசரேத் பக்கம். கேட் அருகிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள். உட்காரச் சொன்னேன். மோர் கொடுத்தேன்.

"அவங்க ஆகஸ்ட் மாசம் கெஸ்ட் ஹவுஸ்ல வச்சு உங்க எல்லார்ட்டயும் சொன்னேன்னு சொல்லுதாங்கம்மா. ப்ளோயர் எரிஞ்சு போச்சு, புதுசு வார வரைக்கும் தொட்டியத் தொறக்க வேண்டாம், அதுக்கு ஒரு லைன நிறுத்தணும்னு சொன்னாங்களாம். சேர்மன் சார் அப்படி ஒண்ணும் நடக்கலன்னுட்டாங்க. டாக்டர் சாரும் கேக்கலன்னுட்டாங்க."

டாக்டர் என்றால் சந்தானகோபால், என்னைப் போல இன்னொரு வெளி இயக்குநர். நல்ல மனிதர். நாடி பிடித்தே காய்ச்சல் சொல்வார்.

"ப்ரொபசர் அம்மாட்டப் போய்க் கேளு, அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னாங்க. அதான் வந்தேன். நீங்க இருந்தீங்கல்லாம்மா?"

இருந்தேன் என்றேன். எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவள்தானே.

"அவங்க சொன்னது ஞாபகம் இருக்காம்மா?"

சரியாக ஞாபகம் இல்லை என்றேன். சாப்பிடும் நேரத்தில் நாலு பேர் நாலு பேசுவார்கள், எல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "சரிம்மா, ஞாபகம் வந்தாச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டாள். மோரைக் குடிக்கவில்லை.

அதன் பிறகு கொத்தவரங்காய் ஆய உட்கார்ந்தேன். நாரையும் காயையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 17

ஞாபகம் இருக்கிறது.

நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், டாக்டருக்கு மட்டும் தனியாக வெண்டைக்காய்ப் பொரியல். ரசம் ஊற்றும் நேரத்தில் செல்வின் வந்தார். யூனிபார்ம் சட்டையில் சாயக் கறை. கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். பெனிட்டா சொன்ன அதே விஷயம்தான். சேர்மன் தலையைத் தூக்கவில்லை, அப்பளம் கேட்டார். டாக்டர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வின் போகாமல் நின்றார். "ஆள் இறங்குனா உயிர் போயிரும் சார்" என்றார். முறையாகக் கொண்டு வரும்படி அவரிடம் சொல்லப்பட்டது. போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

நான் சொன்னால் என்ன ஆகும்? சேர்மன், டாக்டர், முரளிதரன், நான் என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும் என்று ஆகும். செல்வின் மேல் இருக்கும் பாரம் குறையும். வக்கீலின் பாலிசி எனக்கு இல்லை என்று ஆகும். வழக்கில் என் பெயரும் சேரலாம். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, எத்தனையோ பேட்சுக்கு நானே நடத்திய சட்டம்.

அக்டோபர் 20, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"மடியில கனமில்லீன்னா வழியில என்ன பயம்? போய்ச் சொல்லிப்போட்டு வா."

"பாலிசி போயிருமுங்க."

"போனாப் போகுது. நமக்குன்னு ஒரு வீடு, ரெண்டு பென்ஷன். புள்ளையும் நல்லா இருக்கறா." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆமா, அன்னிக்குச் சாயங்காலம் வந்து, ஒரு பையன நல்லா மடக்குனேன்னு சிரிச்சுட்டே சொன்னியே. அது யாரு?"

"அது வேற."

"வேறயா?"

"வேறங்க."

இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர், என் கண்ணிலும்தான். இரண்டு பேரும் வெங்காயம் என்றே வைத்துக்கொண்டோம்.

அக்டோபர் 31, தீபாவளி

சேர்மன் வீட்டிலிருந்து ஸ்வீட் பெட்டி வந்தது, ஒவ்வொரு வருடமும் வருவது போல. பிரிக்காமல் வைத்திருக்கிறேன். செல்வினுக்கு ஜாமீன் மறுத்துவிட்டார்களாம்.

நவம்பர் 5, செவ்வாய்

டாக்டர் சந்தானகோபாலுக்கு நானே போன் செய்தேன்.

"டாக்டர், அன்னைக்கு செல்வின் வந்தது உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"வசந்தாமணி மேடம், எனக்கு எழுபத்தி நாலு வயசு. ஸ்டென்ட் வச்ச நெஞ்சு. எனக்கு எது ஞாபகம் இருக்கணும், எது வேண்டாம்னு என் கார்டியாலஜிஸ்ட் முடிவு பண்ணிட்டார்."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. அவர் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்யதை? அவராவது பயம் என்று மறைமுகமாகச் சொல்லிவிட்டார். நான் இன்னும் 'சரியாக ஞாபகம் இல்லை' என்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நாளைக் கூட்டத்துக்கான தீர்மானத்தை முரளிதரன் அனுப்பியிருக்கிறார். சாரம் இது: ப்ளோயர் பழுதானது இயக்குநர் குழுவின் கவனத்துக்கு எந்தக் காலத்திலும் கொண்டுவரப்படவில்லை, விபத்துக்கு ஆலை மேலாளரின் கவனக்குறைவே முழுக் காரணம், அவரைப் பணிநீக்கம் செய்யலாம். இதை ஒருமனதாக நிறைவேற்றித் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பப் போகிறார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் மறைத்த பிறகு அதை எல்லோருக்கும் பரிமாறிக் கையெழுத்தும் வாங்குவார்கள்.

கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். உடம்பு சரியில்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

உள்ளபடி எழுதுகிறேன்.

கணக்குகள் முடிந்தன. முந்திரி வந்தது. முரளிதரன் தீர்மானத்தைப் படித்தார். சேர்மன், "ஏத்துக்கலாமுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். டாக்டர் தலையாட்டினார்.

"கவனத்துக்கு வந்துச்சுங்க," என்றேன்.

சேர்மன் புன்னகையோடு, "சாப்புட்டுட்டே பேசிக்கலாமுங்க மேடம்" என்றார். முரளிதரன் பேனாவை மூடினார்.

"எனக்குப் பசியில்லீங்க. இங்கயே பேசிக்கலாம். ஆகஸ்ட் கூட்டத்தன்னிக்கு செல்வின் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்து ப்ளோயர் எரிஞ்சு போனதச் சொன்னாரு. ஆள் இறங்குனா உயிர் போயிரும்னாரு. நாம எல்லாரும் கேட்டோம். முரளிதரன், எழுதிக்குங்க."

"அது மீட்டிங் இல்லையே மேடம்," என்றார் முரளிதரன்.

"இது மீட்டிங்தானே? மீட்டிங்ல வச்சுத்தான் சொல்றேன். எழுதுங்க."

சேர்மன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது மிகவும் வயசானவராகத் தெரிந்தார்.

"மேடம், உங்களயுஞ் சேத்துக் காப்பாத்தறதுக்குத்தானுங்க இத்தனையும். அன்னைக்கு அந்தத் தம்பிக்கு நான் ஒரு வார்த்த பதில் சொல்லலீங்க. டாக்டரும் சொல்லலீங்க. பதில் சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க. நான் அதை எங்கயும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்."

டாக்டர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

இதை எழுதும்போது, பதினேழாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். 'அவரிடம் சொல்லப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. இப்படி எழுதும் மாணவிகளுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். சொன்னது நான்தான். அன்று செல்வின் போகாமல் நின்றபோது சேர்மன் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார். நான் சொன்னேன்: "தம்பி, இது மீட்டிங் இல்ல, சாப்பாடு. இங்க சொன்னா யாருக்கும் தெரிஞ்சதா ஆகாது. முறைப்படி அஜெண்டாவுல கொண்டு வாங்க." எல்லோரும் சிரித்தார்கள். "அப்படிப் போடுங்க" என்றார் சேர்மன். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்பதும் அப்போது எனக்குத் தெரியும். அஜெண்டாவைச் சேர்மன் பார்த்துத்தான் அனுப்புவார் என்பதும் தெரியும்.

"ஆமாங்க, பதில் சொன்னது நான்தான்," என்றேன். "அதையும் எழுதச் சொல்லுங்க."

முரளிதரன் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எழுதுய்யா," என்றார். என் மறுப்போடு தீர்மானம் நிறைவேறியது. சாப்பிடாமல் கிளம்பினேன். டிரைவர் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

நவம்பர் 12

வக்கீல் போன் செய்தார்.

"ஒத்துக்கிட்டீங்களாமே மேடம்?"

"நடந்ததைச் சொன்னேன்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." அந்த நிபந்தனையை வரி மாறாமல் படித்துக் காட்டிவிட்டு, இனி என் வக்கீலை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். குரலில் வருத்தமும் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்," என்றார் இவர். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் கோர்ட்டு வாசலில், பேர் சொல்லிக் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். பழைய மாணவிகள் பாதிப் பேர் அங்கே கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

பெனிட்டாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். தொழிற்சாலை ஆய்வாளரிடமும் வாக்குமூலம் கொடுக்கிறேன் என்றேன். அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள். கேட்க நன்றாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. அவள் வீட்டுக்கு வந்துபோன அன்றைக்கு அப்புறம் இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 15

கீழ்த்தட்டு அலமாரியைச் சுத்தம் செய்தேன். தீபாவளிப் பெட்டியில் எறும்பு.

நவம்பர் 20, புதன்

செல்வினுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இன்று ஆய்வாளர் அலுவலகத்தில் எங்கள் இருவரையுமே வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி."

"வீட்ல சொன்னாங்க மேடம். பெரிய உதவி."

"உதவியெல்லாம் இல்ல. நடந்ததைச் சொன்னேன்." பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்த வாக்கியம். அவர் தலையாட்டினார். பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நான் கேட்க நினைத்தது வேறு, அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்கும் நீங்கதான் மேடம் எனக்கு வழி சொன்னீங்க. மத்தவங்க யாரும் வாயத் தொறக்கல. முறைப்படி கொண்டு வாங்கன்னு நீங்க ஒருத்தங்கதான் சொன்னீங்க. அன்னைக்குச் சாயங்காலமே முரளி சார்ட்டப் போய்ச் சொன்னேன். நவம்பர் மீட்டிங்ல போடுதேன்னாங்க."

"அவங்க சிரிச்சாங்களே தம்பி. நானும்…"

"அது பெரிய ஆளுங்க, சாப்பிடும்போது சிரிச்சுப் பேசத்தான் செய்வாங்க. நான் அத எடுத்துக்கல." கைகளைத் தேய்த்துக்கொண்டார். "உண்மையச் சொல்லணும்னா மேடம், அன்னைக்கு நான் பூட்டு வாங்கி வச்சுட்டுத்தான் கெஸ்ட் ஹவுஸுக்கே வந்தேன். சேர்மன் முடியாதுன்னா, தொட்டி மூடியப் பூட்டிச் சாவியையும் எடுத்துட்டு ஊருக்குப் போயிரணும்னு இருந்தேன். வேலை போனாப் போகுதுன்னு வீட்லயும் சொல்லியாச்சு. நீங்க அப்படிச் சொன்னதும், சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுதாங்க, நாம எதுக்கு அவசரப்படணும், முறைப்படியே போவோம்னு பூட்டப் பைக் பெட்டியில போட்டுட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை பம்ப் அடைச்சுக்கிச்சுன்னு ஷிப்ட்ல இருந்தவன் அவங்க ரெண்டு பேரையும் தொட்டிக்கு அனுப்பிட்டான். நான் கோயில்ல இருந்தேன்."

அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் விட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆகஸ்ட் மாதம் நடந்ததையும் நான் சொன்ன பதிலையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். ஆய்வாளர் எழுதி முடித்துவிட்டு, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். பூட்டு விஷயத்தைச் சொன்னேன். என் பதிலை நம்பித்தான் அவர் பூட்டாமல் விட்டார் என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "இது உங்களுக்கு எதிராத்தான் போகுமுங்கம்மா" என்றார்.

"தெரியுமுங்க. எழுதிக்குங்க."

வீடு வந்து சேரும்போது இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கேட்டார்: "அந்தப் பையன் வந்திருந்தானா? என்ன சொன்னான்?"

"நன்றி சொன்னாருங்க," என்றேன்.